கழுத்துக்கு வைத்த மண்

சக்கரம் வராதவர்களுக்குத்தான் கைவேலை என்று பூங்கோதையிடம் முதன்முதலில் சொன்னவர், அவளுக்கு மண் வனையக் கற்பித்த பட்டறை மாஸ்டர் ஞானாதிக்கம். சொல்லி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனால் சில சொற்கள் பலாப்பிசின் போன்றவை. எண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் ஒட்டிய இடத்தை விட்டுப் போகமாட்டா. இன்று பிற்பகல், முத்தியால்பேட்டை வீட்டின் கார்க்கொட்டகையில், அவள் உள்ளங்கையால் உருட்டி நீட்டிய ஒவ்வொரு மண்திரியோடும் அந்தச் சொற்களும் சேர்ந்தே உருண்டன. காலையில் தொலைபேசியிலும் அவர் அதைத்தான் வேறு சட்டை மாட்டி அனுப்பினார். "கையாலயா செய்யற? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க யானை, பாம்புன்னு உருட்டுமே, அந்த மாதிரியா?" சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் இருமல் வந்தது. இருமல் முடிந்ததும், "சரி, சாயந்தரம் வண்டியோட வர்றேன். சக்கரத்தைத் தொடச்சி வையி" என்றார். அவள் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் வாய் எந்நாளும் அவள் அறிவுக்கு ஒரு முழம் முன்னால் நடக்கிற வாய். "வாங்க மாஸ்டர். இடுப்பளவு ஜாடி ஒண்ணு நிக்கும். வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன நேரத்தில் ஜாடிக்கு வயிறு மட்டுமே இருந்தது. தோள் இல்லை, கழுத்து இல்லை. ஒரு வாரமாக, கீழ்ச்சுவர் இறுக இறுக மேல்திரி ஏற்றி, ஏற்றியதை ஈரத்துணியால் போர்த்தி, மறுநாள் திறந்து பார்த்து, குழந்தைக்குச் சுரம் பார்ப்பதுபோலப் புறங்கையால் தொட்டுப் பார்த்து வளர்த்த வயிறு. இன்றைக்குத் தோள். பிறகு கழுத்து. கழுத்துக்கென்று ஓர் உருண்டை மண்ணை ஈரத்துணியில் பொதிந்து தனியே வைத்திருந்தாள். மண்மூட்டையில் மீந்திருந்தது அவ்வளவுதான். மாலை வரையில் இது நிற்க வேண்டும். நிற்காவிட்டால்? இந்தக் கேள்வியை அவள் மனம் எலி வளையை மோப்பம் பிடிப்பதுபோல வந்து வந்து பார்த்தது, உள்ளே நுழையவில்லை. நிற்காவிட்டால் சக்கரம் போன இடத்தில் கார் வந்து நிற்கும், அவ்வளவுதான். வெயிலில் வெளுத்துக் கிடக்கும் அந்தக் காரைப் பற்றி அவள் கணவர் அறவாழி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதையும் ஒருவர் ஓயாமல் செய்துகொண்டிருக்க முடியும் என்பதை நாற்பதாண்டு இல்லறம் அவளுக்குக் கற்பித்திருந்தது.

திரியை எடுத்து விளிம்பில் வைத்தாள். வைப்பதற்கு முன் விளிம்பை முள்கரண்டியால் கீறி, கூழ்மண்ணைத் தடவினாள். பெருவிரலால் உள்ளிருந்து கீழ்நோக்கி இழுத்து, வெளியிலிருந்து மேல்நோக்கி இழுத்து, திரியும் சுவரும் ஒன்றென ஆகும்வரை அழுத்தினாள். வலது மணிக்கட்டு ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு சிறு சொடுக்கு விட்டது. உள்ளே உலோகத் தகடு இருக்கிறது, திருகாணிகள் இருக்கின்றன, எக்ஸ்ரே படத்தில் பார்த்தபோது தச்சன் பழுது பார்த்த கதவுக் கீல் போலவே இருந்தது. குளியலறை ஈரத்தில் வழுக்கியது ஒரு கணம். அந்த ஒரு கணத்துக்கு முன்னால் இருந்த பூங்கோதை ஒருத்தி, பின்னால் இருக்கிற பூங்கோதை இன்னொருத்தி என்றுதான் எல்லோரும் பேசினார்கள். மண்ணைச் சக்கரத்தின் நடுவுக்குக் கொண்டுவர வேண்டுமானால் மணிக்கட்டு பாறையாக நிற்க வேண்டும். சுற்றுகிற மண் முட்டும், மோதும், இடம் தேடித் திமிறும். அதற்கு இடம் கொடுக்காத கைதான் வனைகிற கை. கட்டுப் பிரித்த பின் அவள் சக்கரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். மண் அவள் கையைத் தள்ளியது. மறுபடியும் வைத்தாள், மறுபடியும் தள்ளியது. வலியைக்கூடப் பொறுத்திருப்பாள், அந்தத் தள்ளலைத்தான் பொறுக்க முடியவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அறவாழி, "போதும் கோதை. நீ செஞ்சதே ஊரெல்லாம் இருக்கு. இனிமே ஓய்வா இரு" என்றார். அன்பான குரல். அந்தக் குரலில் கடுகளவேனும் கடுமை இருந்திருந்தால் அதன்மேல் பாய்ந்திருப்பாள். அன்பின்மேல் எப்படிப் பாய்வது? ஓய்வாம். ஓய்வு என்பது என்ன, நாற்காலியா, மாத்திரை டப்பாவா, தொலைக்காட்சியில் அடுத்தவர் அழுவதைப் பார்ப்பதா? அன்றிரவே சக்கரத்தை விற்றுவிடச் சொன்னது அவள்தான். எல்லோரும் அதைச் சரணாகதி என்று எடுத்துக்கொண்டார்கள். ஞானாதிக்கம் தம் பட்டறைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொன்னபோது அறவாழியின் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. மறுநாள் காலை அவள் பத்து மூட்டை மண் சொல்லி அனுப்பினாள். நிம்மதி கலைந்தது. அதைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் இனிப்பாகவே இருந்தது.

கை தானாக வலப்பக்கம் நீண்டது. காற்றைத் துழாவித் திரும்பியது. இதோ, இதுதான். தண்ணீர்க் கிண்ணத்தைத் தேடுகிறது. முப்பது ஆண்டுகள் சக்கரத்தடியில் உட்கார்ந்த கை, மூச்சு விடுவதுபோலத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பழகிய கை. சக்கரத்தில் தண்ணீர் தோழி. கைக்கும் மண்ணுக்கும் நடுவே வழுக்கி ஓடிச் சண்டையை விலக்குவாள். கையால் கட்டும்போதோ தண்ணீர் பகை. இறுகி வருகிற சுவரைக் குழைத்து, வலுவை உருவிவிடும். அதனால்தான் கிண்ணத்தைக் கொட்டகைக்கு வெளியே துவைகல்லின்மேல் வைத்திருந்தாள். வைத்திருந்தும் கை தேடுகிறது. தேடட்டும். நாயைக் கட்டிப் போட்டால் சில நாள் குரைக்கும். பட்டறையில் முதல்நாள் ஞானாதிக்கம் சொல்லிக்கொடுத்ததும் தண்ணீரைப் பற்றித்தான். இல்லை, முதலில் தராசைப் பற்றி. பட்டறை வாசலில் தராசு தொங்கியது. காலையில் ஆளாளுக்கு மண்ணை நிறுத்துக் கொடுப்பார். மாலையில் அது கோப்பையாகவோ ஜாடியாகவோ திரும்ப வேண்டும். உடைந்தாலும் கோணினாலும் கழிமண் தொட்டிக்குத் திரும்ப வேண்டும். "தோத்தா வெக்கமில்ல. மண்ணு வெளிய போனாத்தான் வெக்கம்" என்பார். நல்ல விதி. அதை அவள் இன்றும் நல்ல விதி என்றே சொல்லுவாள். உணவு விடுதிகளுக்குக் கோப்பை வனைகிற கூட்டத்தில் அவள் ஒருத்தி. ஒருநாள் கோப்பைக் கணக்கை முடித்துவிட்டு, மீந்த நேரத்தில், தனக்கென்று நாலே கால் கிலோ மண் நிறுத்து வாங்கித் திரி திரியாக ஒரு ஜாடி கட்டினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விரல்கள் போன வழியே போனாள். அது ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்ப்பதுபோல நின்றது. ஞானாதிக்கம் வந்தார். சுற்றி வந்து பார்த்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஜாடியின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "சக்கரம் வராதவங்களுக்குத்தாம்மா கைவேலை. உனக்குத்தான் சக்கரம் வருதே. தொட்டில போடு." எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. பாராட்டு என்றுகூட நினைத்திருக்கலாம். ஆனால் அவள் தொட்டியில் போடவில்லை. சேலை முந்தானையை நனைத்துச் சுற்றி, மடியில் வைத்துப் பேருந்தில் ஏறிவிட்டாள். கோரிமேட்டு இறக்கத்தில் ஓட்டுநர் பிரேக் போட்டார். ஜாடி அவள் மடியில், தூங்கிப்போன பிள்ளை துவளுவதுபோல, சத்தமில்லாமல் துவண்டு உட்கார்ந்தது. பக்கத்தில் இருந்த மீன்காரி எட்டிப் பார்த்து, "என்னாம்மா அது, இட்லி மாவா?" என்று கேட்டாள். அந்த மண்ணை அவள் திருப்பித் தரவேயில்லை. அன்றுமுதல் எந்தக் கலியாணத்தில், எந்தக் கண்காட்சியில் பார்த்தாலும் ஞானாதிக்கம் கேட்பார்: "என் நாலே கால் கிலோ எங்கம்மா?" சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

சிரித்தாளே தவிர, அதற்குப் பின் அவள் ஒரு திரி உருட்டவில்லை. சக்கரத்திலேயே கிடந்தாள். ஞானாதிக்கத்துக்கு வராத மெல்லிய சுவரை வனைந்தாள், அவர் கை எட்டாத உயரத்துக்கு இழுத்தாள், தனியே பட்டறை போட்டாள், பெயர் வாங்கினாள். அவரைத் தோற்கடித்துவிட்டதாக நினைத்திருந்தாள். இப்போது, இந்த வெக்கையில், பெருவிரலின் ரேகை முழுதும் மண் ஏறிக் கிடக்கையில் தோன்றுகிறது: அவர் போட்ட கோட்டுக்கு உள்ளேயேதான் இத்தனை காலமும் ஓடியிருக்கிறாள். சொன்னபடி கேட்கிற பிள்ளை. முதல் மாணாக்கி. சீ! திரியை இன்னும் கொஞ்சம் ஓங்கி அழுத்தினாள். ஓங்கி அழுத்தினால் சுவர் மெலியும், மெதுவாக. அருங்காட்சியகத்தில் ஒருமுறை ஈமத்தாழி ஒன்றைப் பார்த்தாள். ஓர் ஆள் குந்தி உட்காரலாம் அதற்குள். மற்றவர்கள் எலும்பைப் பார்த்தார்கள். அவள் குனிந்து உட்சுவரைப் பார்த்தாள். வட்டமாய்ச் சுற்றியோடும் சக்கரத்து வரி ஒன்றும் தென்படவில்லை. விரல் அழுத்திய பள்ளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் போயின. அதைக் கட்டியவளிடம், உனக்குச் சக்கரம் வரவில்லையாக்கும் என்று யார் சொல்லியிருப்பார்கள்? சொன்னவன் எங்கே? தாழி இருக்கிறது. சொன்னவன் அதற்குள் குந்தியிருக்கலாம். தனியாகச் சிரித்தாள். சிரித்த வாயோடு தன் ஜாடியைத் திரும்பிப் பார்த்தாள். இடுப்பளவு ஜாடி. இதற்குள் யார்? அறுபத்திரண்டு வயதில் ஒருத்தி தன் இடுப்பளவுக்கு ஒரு ஜாடி கட்டுகிறாள் என்றால் அது யாருக்கு? அரிசிக்கு. அரிசிக்குத்தான். இல்லை, ஒன்றுக்கும் இல்லை, நிற்பதற்கு. நிற்பது ஒரு வேலை இல்லையா?

மின்விசிறி மெதுவாகி நின்றது. மாதாந்திரப் பராமரிப்பு. வெக்கை கொட்டகைக்குள் ஈரக் கோணி போல இறங்கியது. பக்கத்து வீட்டு மிக்ஸி பாதி அரைப்பில் வாயடைத்துப் போயிற்று. தோளின் விளிம்பு காய்ந்து வெளிறி வருவதைப் பார்த்தாள்; காய்ந்த விளிம்பில் புதுத்திரி ஒட்டாது, பிறகு அங்கேதான் வெடிக்கும். கூழ் தடவினால் போதும். அவளுக்குத் தெரியும். மருத்துவர் என்ன சொன்னார், இந்த வயதில் எலும்பு கூடினதே பெரிது என்றார், இந்த வயதில், என்னமோ வயது அவள் திருடி வைத்திருக்கிற பொருள் போல, அறவாழி தலையாட்டினார், இரண்டு ஆண்கள் அவள் கையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், கத்தரிக்காய் வாங்குவதுபோல. அவள் கொட்டகையில் இருந்தாளா, மருத்துவமனையில் இருந்தாளா? நினைவு திரும்பியபோது அவள் கையில் நனைந்த ஸ்பாஞ்சு இருந்தது. துவைகல்லுக்கு எப்போது போனாள்? எப்போது வந்தாள்? ஜன்னல் பக்கத்து வயிறு முழுதும் பளபளவென்று ஈரம் பூத்திருந்தது, சக்கரத்தில் சுற்றும் மண்ணில் பூப்பதுபோலவே. கை தன் பழைய எசமானிடம் போய்விட்டுத் திரும்பியிருந்தது. ஐயோ என்று அவள் சொல்லவில்லை. சொல்வதற்குள் வயிறு அசைந்தது. வெளியே பிதுங்கியது, மெதுவாக, மிக மெதுவாக, உட்காரலாமா என்று யோசிக்கிற ஒரு கிழவரைப் போல. அவள் முழந்தாளிட்டு, இரு கையாலும் அதைக் கட்டிப் பிடித்தாள். கன்னம் மண்ணில் ஒட்டியது. "என்னங்க!" என்று கத்தினாள். "என்னங்க! இங்க வாங்க! செருப்போட வந்தாலும் பரவால்ல, வாங்க!"

அறவாழி வந்தார். பார்த்தார். ஓய்வு பெற்ற மின்பொறியாளர் அல்லவா, பார்த்த உடனே மின்விசிறியை அண்ணாந்து நோக்கினார். "கரண்ட் இல்லியே." "தெரியுது. விசிறுங்க." "எதால?" "எதாலயாவது!" சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரை ஆணியோடு பிடுங்கி விசிறத் தொடங்கினார். தேதித் தாள்கள் படபடத்தன. "முப்பத்தாறு வருஷம் ஊருக்கே கரண்ட் குடுத்தவனை இப்படி விசிற வச்சிட்டியே." "பேசாம விசிறுங்க. காத்து என் மூஞ்சில வருது, மண்ணுல வரணும்." அவர் காலண்டரை மண்பக்கம் திருப்பினார். அவள் தோள்பட்டை எரிந்தது. மணிக்கட்டுக்குள் இருந்த தகடு தனியே ஒரு பல்லைப் போல வலித்தது. பிறகு அவர், அந்த அன்பான குரலில், சொன்னார்: "விட்டுடு கோதை. விழுந்தா விழட்டும். அவர் வந்தா நான் சொல்லிக்கறேன், உனக்கு உடம்பு சரியில்லன்னு." அவள் கன்னத்தை மண்ணிலிருந்து எடுக்காமலே, "எனக்கு உடம்பு நல்லா இருக்கு" என்றாள். "எனக்கு உடம்பு சரியில்லன்னு இன்னொரு வாட்டி யார்கிட்டயாவது சொன்னீங்கன்னா, உங்க காரை நானே போய் எடைக்குப் போட்டுட்டு வந்துடுவேன். போய் உங்க பழைய வேட்டி ஒண்ணு எடுத்துட்டு வாங்க. பருத்தி. பாலியெஸ்டர் வேணாம்." விசிறல் நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். போய்விட்டாரா? கோபமா? கோபித்துக்கொண்டு போயிருந்தால் விடியும்வரை இப்படியே பிடித்துக்கொண்டிருப்பாள். ஆனால் வேட்டி கிழிபடும் நீண்ட சரக் என்ற ஒலி வாசலிலேயே கேட்டது. "அகலம் எவ்வளவு?" என்றார். குரலில் அன்பு இல்லை, வேலை இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது அப்போதுதான். நான்கு விரல் அகலத்தில் கிழித்து, அவள் சொல்லச் சொல்ல, வயிற்றைச் சுற்றிக் கட்டினார். மின்கம்பிக்குக் கட்டுகிற முடிச்சு. ஒன்றும் வழுக்கவில்லை.

மின்சாரம் வந்தபோது ஜாடி, வயிற்றில் வேட்டிக் கட்டோடு, ஜன்னல் பக்கம் சாய்ந்து நின்றது. சாய்ந்து. அவள் தள்ளி நின்று பார்த்தாள். நிமிர்த்தலாம், வெட்டி, ஆப்புப் போட்டு, தட்டுப்பலகையால் தட்டித் தட்டி நேராக்கலாம். சக்கரம் பழகிய கண் அதைத்தான் கேட்டது, கோணலைக் கண்டால் அந்தக் கண்ணுக்கு உறுத்தும். அவள் அந்தக் கண்ணோடு வாதாடவில்லை. ஆனால் அதன் சொல்லைக் கேட்கவும் இல்லை. வயிறு ஜன்னலுக்குப் போனால் தோள் கதவுக்குப் போகட்டும். மிச்சத் திரிகளை எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கி ஏற்றினாள், பாரத்தை மறுபக்கத்துக்கு மாற்றினாள், ஒரு கால் வழுக்கினால் மறுகால் ஊன்றுவதுபோல. குளியலறையில் அதைத்தான் செய்ய முடியாமல் போயிற்று. இங்கே முடிந்தது. தோள் மூடி வந்தது. இனி கழுத்து. துணிப்பொதியை எடுத்து மடியில் வைத்தபோது வாசலில் குட்டியானை வண்டி ஹாரன் அடித்தது.

ஞானாதிக்கம் முன்னைவிடக் குட்டையாக இருந்தார். காதில் பென்சில் இருந்தது. வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "என்னாம்மா, பானைக்கு வேட்டி கட்டி வச்சிருக்க? மாப்பிள்ளை அழைப்பா?" "என் வேட்டிதான் மாஸ்டர்" என்றார் அறவாழி, எதிர்பாராத பெருமையோடு. பூங்கோதை சிரிக்கவில்லை. கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள். அவிழ்க்காமல் வைத்திருக்கலாம், நாளைவரை வைத்திருப்பதுதான் நல்லது, இறுகிவிட்டதா இல்லையா என்பது விரலுக்கே இன்னும் நிச்சயமில்லை. ஆனால் முட்டுக் கொடுத்து நிற்பதை நிற்கிறது என்று அவர் முன்னால் சொல்ல அவளுக்கு வாய் வராது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கடைசிச் சுற்று மண்ணில் ஒட்டியிருந்து, தோல் உரிவதுபோல உரிந்து வந்தது. நெசவின் இழைகள் வயிறு முழுதும் பதிந்திருந்தன. ஜாடி ஒருமுறை, மூச்சு வாங்குவதுபோல, அசைந்தது. அல்லது அவள்தான் அசைந்தாளா? நின்றது. ஞானாதிக்கம் சுற்றி வந்தார். "சாஞ்சிருக்கு." "ஆமா." "இந்தப் பக்கம் காஞ்சா வெடிக்கும்." "வெடிக்கலாம்." "சக்கரத்துல உன் கைக்கு ஈடு கிடையாது. இது என்னாத்துக்கு உனக்கு? தொட்டில போடு, நல்ல மண்ணு வீணாவுது." பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, அதன் மழுங்கிய முனையைத் தோளை நோக்கி நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். தகடு வைத்த கையால். பிடி இறுகத்தான் இருந்தது. "தொடாதீங்க மாஸ்டர். சாஞ்சாலும் வெடிச்சாலும் இது என் மண்ணு."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு, தப்பிக்கிற மனிதர் வழக்கமான கதவைத் தேடுவதுபோல, பழைய வேடிக்கையைத் தேடி எடுத்தார். "உன் மண்ணு சரி. என் நாலே கால் கிலோ எங்கம்மா?" வண்டிக்காரன் உள்பட எல்லோரும் சிரிக்கத் தயாரானார்கள். பூங்கோதை மூலையிலிருந்த தராசை இழுத்து நடுவில் வைத்தாள். மடியிலிருந்து சரிந்திருந்த துணிப்பொதியை அவிழ்த்து, கழுத்துக்கு வைத்த மண்ணைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். "கோதை, அது கழுத்துக்கு..." என்று அறவாழி தொடங்கினார். "கழுத்து வேணாம்" என்றாள். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது: தோளோடு நின்ற அந்த வாய், அகலத் திறந்து, எதையும் யாரிடமும் கேட்காத வாய். "எடையைச் சொல்லுங்க." அறவாழி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "அதிகமா இருக்கு. நாலரைக்கு மேல." கம்பியால் ஒரு சீவல் சீவினாள். "இன்னும் கொஞ்சம்." கிள்ளினாள். "கம்மியாயிடுச்சு." கிள்ளியதில் பாதியைத் திருப்பி வைத்து, பெருவிரலால் அழுத்தினாள். ஞானாதிக்கத்தின் கையில் பென்சில் அப்படியே நின்றது. "வெளையாட்டுக்குக் கேட்டேம்மா" என்றார். "நான் வெளையாட்டுக்குக் குடுக்கல மாஸ்டர். சக்கரமும் இதுவும் ஒரே வண்டியில போவட்டும். இனிமே எங்க பாத்தாலும் வேற ஏதாவது கேளுங்க." அவர் பென்சிலைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டார். பிறகு, "வட்டி?" என்றார். "வட்டி இங்க நிக்குது. அது போவாது." அவர் குனிந்து மண்ணை இரு கையாலும் ஏந்திக்கொண்டார், எவ்வளவு இருந்தது என்று வண்டிக்காரன் கேட்டதற்கு, அறவாழி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே சொன்னார்: நான்கு கிலோ இருநூற்றைம்பது கிராம்.